தேன் சோப்பும் மார்செய்க்குப் போன மல்லாட்டையும்

போன மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாளில், என் பேத்தி சமையலறையை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்குக் கேட்டாள். கல்லூரி விடுமுறை. வீட்டிலேயே சோப்பு செய்யப் போகிறாளாம், அதுவும் தேன் சேர்த்து. மருமகளுக்குப் பயம். "மாமா, காஸ்டிக் சோடா எல்லாம் வீட்டுக்குள்ள வேணாம்னு நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் மனு கொடுத்தாள். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் மனுவை வாங்கிக் கோப்பில் கட்டியவன் நான். இந்த மனுவையும் பரிசீலனையில் வைத்துவிட்டுப் பேத்தி பக்கம் போய் நின்றுகொண்டேன். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் விதித்த ஒரே நிபந்தனை.

அன்று செய்த சோப்பு கெட்டுப்போனது. அச்சில் ஊற்றி, காணொளியில் சொன்னபடி போர்வையால் மூடி வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் நடுவில் பாளம் வெடித்திருந்தது. விரிசலிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்தது. கருகிய வெல்லப்பாகு வாசனை. பேத்தி அழவில்லை, ஆனால் அன்று ராத்திரி சாப்பிட வரவில்லை.

ஏன் வெடித்தது என்று அவள் தன் கைப்பேசியில் தேடினாள். நான் என் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களில் தேடினேன். என்னுடைய படிப்பு முழுக்கப் பிரெஞ்சு வழி. தமிழ் வீட்டில் பேசியது, பிறகு அலுவலகத்தில் வாய்த்தது. அதனால் எதைத் தேடினாலும் முதலில் அந்த அலமாரிக்குத்தான் கால் போகும். அவளுக்கு விடை அரை மணியில் கிடைத்துவிட்டது. எனக்கு மூன்று வாரம் ஆனது, ஆனால் என் விடை 1688-ஆம் வருஷத்தது.

முதலில் அவள் செய்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எண்ணெய் 500 கிராம்: செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய் 250, தேங்காய் எண்ணெய் 200, விளக்கெண்ணெய் 50. ஒவ்வோர் எண்ணெயும் சோப்பாக மாற எவ்வளவு காஸ்டிக் சோடா குடிக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. மல்லாட்டை எண்ணெய் கிராமுக்கு 0.136, தேங்காய் எண்ணெய் 0.183, விளக்கெண்ணெய் 0.128. பெருக்கிக் கூட்டினால் 77 கிராம். அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்து 73 கிராம் போட்டாள். அந்தக் குறைப்பினால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாக மாறாமல் மிஞ்சி, தோலைக் காப்பாற்றும். சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கரைசல் ஆறிய பிறகு எண்ணெயோடு கலந்து, இட்லி மாவுப் பதம் வரும்வரை கடைய வேண்டும். கரண்டியைத் தூக்கினால் விழும் கோடு மேலே கொஞ்ச நேரம் அழியாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். அடுப்பே கிடையாது. மிச்ச வேலையை எண்ணெயும் காரமும் தங்களுக்குள்ளேயே சூடாகி முடித்துக்கொள்ளும். நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைத்தால் சோப்பு இறுகிவிடும்.

அடுப்பில்லாத இந்த முறையில் தப்பைத் திருத்த வழியில்லை. காய்ச்சும் முறையில் அது உண்டு. பெரிய கொப்பரையில் நாள் கணக்கில் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டுச் சோப்பை மேலே திரள வைப்பார்கள். மிஞ்சிய காரமும் கிளிசரினும் கீழே உப்புத் தண்ணீரோடு போய்விடும். பிறகு கழுவி எடுப்பார்கள். கணக்கில் இரண்டு கிராம் கூடியிருந்தாலும் கழுவலில் போய்விடும். அடுப்பில்லாச் சோப்பில் போட்டது போட்டதுதான். கிளிசரின் உள்ளேயே தங்கிவிடுவது லாபம், கூடுதல் காரமும் உள்ளேயே தங்கிவிடுவது ஆபத்து.

காய்ச்சும் முறைக்குப் பேர்போன ஊர் மார்செய். கீழை நாடுகளில், அலெப்போ போன்ற ஊர்களில், ஆலிவ் எண்ணெயில் சோப்புக் காய்ச்சும் வித்தை முன்பே இருந்தது. மத்தியதரைக் கடல் வழியாக வந்த வித்தையை மார்செய்க்காரர்கள் பெரிய தொழிலாக்கினார்கள். (ரோம் பக்கத்தில் சப்போ என்று ஒரு மலை, அங்கே பலி கொடுத்த ஆட்டுக் கொழுப்பும் சாம்பலும் மழையில் வழிந்து சோப்பானது என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. அப்படி ஒரு மலையே இல்லை. பிளினி எழுதி வைத்திருப்பது வேறு: கோல் நாட்டார் கொழுப்பும் சாம்பலும் சேர்த்துச் செய்த ஒன்றைத் தலைமுடியைச் சிவப்பாக்கப் பூசினார்கள் என்று. துவைக்கவோ குளிக்கவோ இல்லை.)

1688 அக்டோபரில் பதினான்காம் லூயி ஓர் அரசாணை போட்டான். சோப்பில் ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பு சேர்க்கக்கூடாது, மீறினால் சரக்குப் பறிமுதல். இதைக் 'கொல்பேர் ஆணை' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வாத்தியாரும் அப்படித்தான் சொன்னார். நிதி மந்திரி கொல்பேர் 1683-லேயே செத்துப்போனார். ஆணை வந்த காலத்தில் மந்திரியாக இருந்தவர் அவர் மகன் செய்ஞலே. அவருக்கும் பெயர் ழான்-பத்தீஸ்த் கொல்பேர்தான் என்பதால் குழப்பம். குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தேதி பொருந்தாவிட்டால் தூக்கம் வராது.

அந்த ஆணையில் இன்னொரு விதி இருந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் சோப்பு ஆலைகளை மூடிவிட வேண்டும். கோடை வெப்பம் சோப்பின் தரத்தைக் கெடுத்துவிடும் என்பது காரணம். இதைப் படித்ததும் பேத்தியைக் கூப்பிட்டேன். "மார்செய்க் கோடைக்கே ஆலையை மூடியிருக்கான். நீ புதுச்சேரி அக்னி நட்சத்திரத்துல போர்வை வேற போத்தியிருக்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "தாத்தா, அது காய்ச்சுற சோப்பு. என்னோடது வெடிச்சதுக்குத் தேன்தான் காரணம்" என்றாள். இரண்டும் காரணம் என்று சமரசம் செய்துகொண்டோம். தேனில் உள்ள சர்க்கரை காரத்தோடு சேர்ந்ததும் சூட்டைக் கிளப்பும், பழுப்பாகும். அதற்கு மேல் வெயிலும் போர்வையும் சேர்ந்தால் பாளம் வெடிக்காமல் என்ன செய்யும்?

எண்ணெய்க்கு அடுத்தது காரம். காஸ்டிக் சோடா டப்பாவில் கிடைக்காத காலத்தில் சாம்பல்தான் வழி. நம் வண்ணார்கள் உவர்மண்ணை எடுத்துத் துணியில் ஏற்றி வெள்ளாவி வைத்தார்கள். மார்செய்க்காரர்களுக்கு ஸ்பெயினின் அலிகாந்தே பக்கத்திலிருந்து உப்பு நிலச் செடிகளின் சாம்பல் வந்தது. நம் உப்பங்கழி ஓரம் முளைக்கிற உமரியின் சொந்தக்காரச் செடிகள். சவர்க்காரம் என்ற நம் சொல்லிலேயே சவரும் இருக்கிறது, காரமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். மொழி அறிஞர்கள் கோபிக்க வேண்டாம்.

சாம்பல் வெளிநாட்டு இறக்குமதி. போர் வந்தால் நின்றுவிடும். அதனால் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்பவருக்கு 2400 லீவ்ர் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் அறிவித்தது. நிக்கோலா லெப்லான் என்பவர் செய்து காட்டினார். ஒர்லெயான் பிரபுவிடம் வைத்தியராக இருந்தவர். உப்பைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கி, வந்ததைச் சுண்ணாம்புக்கல்லும் கரியும் சேர்த்து வறுத்து, தண்ணீரில் கரைத்துச் சோடாவைப் பிரித்தார். 1791-ல் காப்புரிமை கிடைத்தது. பிரபுவின் பணத்தில் பாரிசுக்கு அருகே சேன்-தெனியில் ஆலையும் தொடங்கினார். 1793-ல் புரட்சி அரசு பிரபுவின் தலையை வெட்டியது. அவர் சொத்தோடு சேர்த்து ஆலையையும் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் தேசத்தின் நன்மைக்காக என்று லெப்லானின் செய்முறையை எல்லோருக்கும் வெளியிட வைத்தது. ஊரெல்லாம் அவர் முறையில் சோடா செய்தார்கள். அவருக்குப் பரிசும் வரவில்லை, உருப்படியான நஷ்டஈடும் வரவில்லை. நெப்போலியன் காலத்தில் ஆலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓட்டுவதற்கு அவரிடம் பணம் இல்லை. 1806 ஜனவரியில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு கோப்பு ஞாபகம் வந்தது. நான் பணியில் இருந்த ஒரு பிரிவில் ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு. பிறப்புச் சான்றிதழில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒரு பெயர், கணவரின் பணிப் பதிவேட்டில் வேறு எழுத்துக்கூட்டல். இரண்டும் ஒரே பெயர் என்பது பிரெஞ்சு படித்த எனக்குப் பார்த்தவுடனே தெரியும். இருந்தாலும் விளக்கம் கேட்டு மூன்று முறை திருப்பி அனுப்பினேன். விதி அப்படி. கடைசியில் ஆணை வந்தபோது அந்த அம்மாள் வாங்கிக்கொள்ள இல்லை. லெப்லானின் விண்ணப்பங்களையும் யாரோ ஒரு குமாஸ்தா நல்ல கையெழுத்தில் திருப்பி அனுப்பியிருப்பான்.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு வரும் என்பது தெரிந்திருந்ததே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்பது வெகு காலம் தெரியாது. அதைச் சொன்னவர் மிஷேல் ஷெவ்ரேல். கொழுப்பு என்பது சில அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த கட்டு, காரம் அந்தக் கட்டைப் பிரித்து அமிலங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது என்பதைப் பல வருஷம் ஆராய்ந்து 1823-ல் புத்தகமாக வெளியிட்டார். பேத்தியின் 0.136 கணக்கெல்லாம் அந்த அறிவிலிருந்து பிறந்ததுதான். மனிதர் 102 வயது இருந்தார். புரட்சிக்கு முன்பு 1786-ல் பிறந்து, 1889-ல் இறந்தார். ஐஃபல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. லெப்லானுக்கு அறுபத்து மூன்று வயதுதான் வாய்த்தது.

இனி எங்கள் ஊர்க் கதை. சோடா மலிந்ததும் மார்செய் ஆலைகளுக்கு எண்ணெய்ப் பசி வந்தது. ஆலிவ் எண்ணெய் மட்டும் போதவில்லை. ஆலிவ் சோப்பை மட்டும் அடையாளம் காட்டுவதற்காக நெப்போலியன் 1812-ல் ஐங்கோண முத்திரை ஒன்றை ஏற்படுத்திப் பார்த்தான். ஆனாலும் விலை குறைந்த எண்ணெய்கள் உள்ளே வந்துவிட்டன: பனை எண்ணெய், தேங்காய் எண்ணெய், எள், எல்லாவற்றுக்கும் மேலாக நிலக்கடலை. முதலில் செனகலிலிருந்து போனது. பிறகு நம் தென்னார்க்காட்டிலிருந்தும் போனது, புதுச்சேரித் துறை வழியாக.

நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மணிலாக் கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகி நிற்கிறது. செம்மண் காட்டில் விளைந்ததை மாட்டு வண்டியிலும், 1879-ல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்த பிறகு ரயிலிலும் கொண்டுவந்து குவித்தார்கள். எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வர முடியாது. 1866-ல் கட்டிய இரும்புப் பாலத்தின் முனைக்கு மூட்டைகள் போகும். அங்கிருந்து சலங்குகளில் ஏற்றி ஆழத்தில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதின் தொடக்கத்திலும் புதுச்சேரியிலிருந்து போன மல்லாட்டையில் பெரும்பகுதி மார்செய்க்குத்தான் போனது. அங்கே ஆட்டி, நல்ல எண்ணெய் சாப்பாட்டுக்கு, மட்டமானது சோப்புக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு.

என் அப்பாவைப் பெற்ற தாத்தா அந்தப் பாலத்தில் மூட்டைக் கணக்கு எழுதியவர். நான் பார்த்ததில்லை, அப்பா சொல்லக் கேட்டதுதான். ஐந்து மூட்டைக்கு ஒரு குறுக்குக் கோடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வேட்டி மடிப்பிலிருந்து சிவப்புத் தூசி உதிருமாம். கூடவே ஒரு பிடி சிந்திய கடலையும். அது திருட்டா, கூலியா என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சின்ன வயதில் வாக்குவாதம் நடக்குமாம். அந்தப் பாலம் 1952 புயலில் போய்விட்டது.

அப்பாவும் சித்தப்பாவும் பிறகு வேறொரு விஷயத்தில் பிரிந்தார்கள். 1962 ஆகஸ்டு 16 முதல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஊர்வலத்தில் கொடி பிடித்தவர் எப்படி எழுதிக் கொடுப்பார்? சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எழுதிக் கொடுத்தார். அன்று கூடத்தில் நடந்த சண்டையைத் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். எனக்குப் பதினொரு வயது. அப்பா சொன்ன கடைசி வார்த்தையை இங்கே எழுத மனம் வரவில்லை. அடுத்த வருஷம் சித்தப்பா குடும்பத்தோடு கப்பலேறி மார்செய்யில் இறங்கி, அங்கேயே இருந்துவிட்டார்.

1964-ல் ஒரு பார்சல் வந்தது. பிள்ளைகளுக்குப் பென்சில், அம்மாவுக்கு ஒரு சால்வை, நடுவில் கனசதுரமாகப் பெரிய சோப்புக் கட்டி. பச்சை இல்லை, தந்தம் போல ஒரு வெள்ளை. ஆலிவ் எண்ணெயில் காய்ச்சினால் பச்சை, கொப்பரை, பனை, கடலை எண்ணெய்களில் காய்ச்சினால் வெள்ளை என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும். முகங்களில் எழுத்து அழுத்தியிருந்தது: 'எக்ஸ்த்ரா பூர்', '72%', '600 கிராம்'. நான்தான் படித்துக் காட்டினேன். அப்பா, "எடுத்து வை" என்று மட்டும் சொன்னார். அம்மா அதைப் பட்டுப் புடவைப் பெட்டியில் வைத்தாள். யாரும் அதைத் தேய்த்துக் குளிக்கவில்லை. அப்பா பதில் போடவில்லை. சித்தப்பா மறுபடி எழுதவும் இல்லை. அப்பா போனபோது தந்தி கொடுத்தோம். சித்தப்பா போன செய்தி எங்களுக்கு ஆறு மாதம் கழித்து, யாரோ சொல்லித் தெரிந்தது.

பேத்தி சோப்பு வெடித்த அன்று இந்தக் கட்டியைத் தேடி எடுத்தேன். அறுபது வருஷத்தில் கல்லாகியிருந்தது. ஓரங்கள் உள்வாங்கி, எழுத்துகள் மட்டும் தெளிவாக இருந்தன. பேத்தி தன் தராசில் வைத்தாள். 490 கிராம். "110 கிராம் எங்க போச்சு தாத்தா?" என்றாள். தண்ணீர், ஆவியாகிவிட்டது என்றேன்.

தேன் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் கிடைத்தது. லண்டன் வாசனைத் திரவிய வியாபாரி பியஸ் என்பவர் 1855-ல் தன் தொழில் ரகசியங்களைப் புத்தகமாகப் போட்டார். அதில் 'தேன் சோப்பு' செய்முறை இருக்கிறது. மஞ்சள் சோப்பு, ஒருவகை மென்சோப்பு, சிட்ரோனெல்லா புல் எண்ணெய். அவ்வளவுதான், ஒரு சொட்டுத் தேன் கிடையாது! இதைச் சொன்னதும் பேத்திக்கு ரோஷம் வந்தது. தன் சோப்பில் அசல் தேன் என்றாள். தேன் சேர்த்தால் தோலுக்கு நல்லது, புண் ஆறும் என்றெல்லாம் இப்போது விற்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவ்வளவு காரத்தில் விழுந்த பிறகு தேன் தேனாக இருக்காது. நிறம் மாறும், சர்க்கரையால் நுரை கூடும், லேசாக ஒரு பாகு வாசனை நிற்கும். அதுவே போதாதா?

ஆடி கழிந்து ஒரு மழை பெய்த மறுநாள் அவள் இரண்டாம் முறை செய்தாள். அதே 500 கிராம், அதே 73. இம்முறை ஒரு மேசைக்கரண்டித் தேனை, அளந்த தண்ணீரிலிருந்தே கொஞ்சம் எடுத்துக் கரைத்து, பதம் வந்த பிறகு கடைசியில் சேர்த்தாள். போர்வை இல்லை. அச்சை மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மருமகள் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளும் நின்றாள். சூடேறி, நிறம் சந்தனத்திலிருந்து வெல்லமாக மாறியது. வெடிக்கவில்லை. மறுநாள் எட்டுத் துண்டாக அறுத்து மச்சுப்படி அலமாரியில் இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறாள். தேதி எழுதிய சீட்டு என் கையெழுத்தில். ஆறு வாரம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

சித்தப்பாவின் சோப்பை நான் திரும்பப் பெட்டியில் வைக்கவில்லை. தோட்டத்துக் குழாயடியில், தேங்காய் ஓட்டில் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் நுரையே வரவில்லை. மேல் ஓடு கரைந்த பிறகு நன்றாக வருகிறது. '72' இன்னும் தெரிகிறது, 'பூர்' போய்விட்டது.